முன் இருக்கையில் ஒரு மணல் மூட்டை

அக்டோபர் 6, ஞாயிறு

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும். போன வாரம் போனில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினாய். மருந்து சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள், "போன்ல நீங்க என்னைப் பேசவே விடமாட்டேங்கறீங்க. எதுவா இருந்தாலும் எழுதுங்க" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, உனக்கு வசதி. இரும முடியாது, எனக்கு வசதி.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்று ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். நானும் நம் ஸ்பானர் பயலும் மேலே இருந்து சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினோம். இறக்கும் வரை உள்ளே இருந்து எந்தச் சட்டத்தின் கீழ் எங்களை என்ன செய்யலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் படியில் இறங்கிப் போனார். ஸ்பானருக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. இருபது வருஷம் என்னோடு வேலை பார்க்கிறவன், இன்னும் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மழை நின்று ஆறு இறங்கிவிட்டது. மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக முதுகைக் காட்ட ஆரம்பித்திருக்கின்றன. நம் படகு பின்பக்கக் கொட்டகையில் இரண்டு கயிற்றில் தொங்கியபடி என்னையே பார்க்கிறது. நவம்பர் ஒன்பது சனிக்கிழமை உனக்கு லீவு என்றாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், துடுப்புப் போடப் போகலாமா?

திட்டம் போட்டுவிட்டேன். (சிரிக்காதே.) நீ காலை முதல் பேருந்தில் வந்து பாலத்தடியில் இறங்கு. ஸ்பானர் வேனில் படகை ஏற்றிக்கொண்டு வருவான். மூன்று பேரும் மேலே பழைய பம்ப் ஹவுஸ் வரை போவோம். அங்கே நம்மை இறக்கிவிட்டு அவன் திரும்பிவிடுவான். நாம் ஆற்றோடு இறங்குவோம். நடுவில் ஒற்றை மரம் நிற்கும் திட்டில் சாப்பாடு. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. மத்தியானத்துக்கு மேல் பாலத்தைத் தாண்டுவோம். பொழுது சாய்வதற்குள் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் படித்துறையில் கரையேறலாம். அங்கிருந்து படகை இரண்டு பேர் தூக்கினால் கொட்டகைக்கு ஒரு எட்டுதான்.

ஆறு மாதம் என்று கண் ஆஸ்பத்திரியின் அந்த ஊர்க் கிளைக்கு உன்னை அனுப்பினார்கள், இரண்டு வருஷமாகிவிட்டது. இனி நிரந்தரமாக அங்கேயே இருக்கிறாயா என்று தலைமை டாக்டர் கேட்டிருக்கிறாராம், பதினொன்றாம் தேதி நீ பதில் சொல்ல வேண்டுமாம். உன் தங்கை சொன்னாள். என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உன் ரப்பர் செருப்பு பின்கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பெருக்கும்போது தூக்கி, பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


அக்டோபர் 13, ஞாயிறு

அன்புள்ள என்னங்கவுக்கு,

(கூப்பிட்டுப் பழகியது இதுதான். எழுதுவதற்கும் இதுவே இருக்கட்டும்.)

இருமல் போய்விட்டது. நீங்கள் சொல்ல வாயெடுத்த மருந்தை அதற்கு முந்தைய நாளே வாங்கிவிட்டேன்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படிக்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது. மணலில் கால் வைத்து எவ்வளவு நாளாயிற்று. இரண்டாம் தரம் படிக்கும்போதுதான் உங்கள் திட்டம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். நம் வீட்டுப் பின்வாசலில் முடிகிறது. பொழுது சாயும் நேரத்தில். ஈரத் துணியோடு. அதற்குமேல் பேருந்தும் கிடையாது. என் காதில் பூச் சுற்றுவதானால் கொஞ்சம் சின்னப் பூவாகச் சுற்றக் கூடாதா?

வருகிறேன். ஆனால் பாலம் வரைதான். பாலத்தடியில் கரையேறி, சாயங்காலப் பேருந்தைப் பிடித்து என் அறைக்கு வந்துவிடுவேன். சனிக்கிழமையும் அந்தப் பேருந்து உண்டா என்று விசாரித்து எழுதுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. கடைசியாக நாம் ஆற்றில் போனது நினைவிருக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பது நான். தண்ணீர் எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது, எங்கே மணல் மேலே வருகிறது என்று என் கண்ணுக்குத்தான் தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரிவது என் முதுகு. ஆனாலும் வழி நெடுக "இடது, இடது, ஏய் வலது, சொன்னா கேளு" என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். சொன்னபடி போய்த் தரை தட்டினோம். நான் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். படகு விடுபட்டதும் கயிறு கை நழுவி, நீங்கள் பாட்டுக்கு மிதந்து போய்விட்டீர்கள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "கயித்தை யாராவது விடுவாங்களா?" என்று கேட்டீர்கள். நான் திட்டு முழுக்க நடந்து வந்து சேர்ந்தபோது, கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் செய்து காட்டினீர்கள்.

அதில் கோபம் இல்லை, அன்றைக்கே சிரித்துவிட்டேன். ஆனால் இந்த முறை பின்னால் இருந்து இடது வலது சத்தம் வரக்கூடாது. முடியுமா?

இங்கே வேலை கழுத்து வரை. ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார். நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதைச் சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார். "ஐயா, இது பரீட்சை இல்ல. சரியானதைச் சொல்ல வேணாம், தெரியறதைச் சொன்னா போதும்" என்றேன். தெரிவதைச் சொல்வது எல்லோருக்குமே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என் அறைக்குக் கீழே சைக்கிள் கடை. காலையில் காற்றடிக்கும் சத்தத்தில்தான் விழிக்கிறேன். மேசையை அறைக்கு நட்டநடுவில் போட்டிருக்கிறேன். நடமாட இடைஞ்சல்தான். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்து, "சுவரோரமா போடலாமே" என்றார். போடலாம்தான்.

அன்புடன்,
முன் இருக்கை


அக்டோபர் 18, வெள்ளி

அன்புள்ள முன் இருக்கைக்கு,

சாயங்காலப் பேருந்து சனிக்கிழமையும் உண்டா என்று இன்னும் விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை.

பாலத்தடியில் கரையேறுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. கரை செங்குத்து. முள் வேறு மண்டிக்கிடக்கிறது. படகை அங்கே மேலே ஏற்ற வேண்டுமானால் ஸ்பானரை மறுபடி வேனோடு வரச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் வீட்டில் ஆஜர் கொடுக்க வேண்டுமாம். படித்துறை என்றால் படி இருக்கிறது, வழி இருக்கிறது, வீடு இருக்கிறது. நான் பூச் சுற்றவில்லை. கொஞ்சம் சுற்றினேன்.

படகை இறக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு கீறல். பிசின் பூசித் தேய்த்துவிட்டேன், இப்போது தடவிப் பார்த்தாலும் தெரியாது. முன் இருக்கையின் பலகை தளர்ந்திருந்தது, ஆணி மாற்றினேன். உன் துடுப்பின் பிடியில் நீ சுற்றி வைத்திருந்த பச்சைத் துணியை மட்டும் அவிழ்க்கவில்லை. அழுக்குதான். இருந்தாலும் நீ சுற்றியது.

இடது வலது விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகம் வந்ததால் பழகிப் பார்த்தேன். நேற்று வேலைக்கு ஸ்பானர் வேன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தேன். பிரேக் இல்லாத பக்கத்தில் என் கால் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. தபால் நிலையம் வந்ததும் அவன் வண்டியை ஓரம் கட்டி, "அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவு தூரத்துக்குப் போயிருக்கிறது என் புகழ்.

வேண்டுமானால் இந்த முறை நீ பின்னால் உட்கார். நான் முன்னால். நீ சொல், நான் கேட்கிறேன்.

சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நேரே எழுதிவிடுகிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு ராத்திரிக்கு இல்லை. அந்த டாக்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, இங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலேயே பழைய நாற்காலியில் உட்கார வர வேண்டும். நாம் சண்டை போட்டிருந்தாலாவது நான் வந்து சமாதானம் பேசியிருப்பேன். நாம் சண்டையே போடவில்லை. எதைச் சரிசெய்வது என்றே தெரியாமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று தெரியாமல் நான் இத்தனை நாள் விட்டதே இல்லை.

உன்,
லிஃப்ட்காரன்


அக்டோபர் 24, வியாழன்

அன்புள்ள என்னங்கவுக்கு,

உங்கள் கடிதம் மேசையில் நாலைந்து நாளாகத் திறந்தபடி கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் பார்க்கிறேன். இப்படி நேராக நீங்கள் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட என்னை நேராகக் கேட்கவில்லை. "அடுத்த மாசம் மண்டபம் காலியா இருக்காம்" என்றுதான் சொன்னீர்கள்.

நேராகக் கேட்டதால் நானும் நேராகச் சொல்கிறேன். உங்களிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் அது பொய். பெரிய குறை இருக்கிறது என்று சொன்னால் அதுவும் பொய். நான் எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று நீங்கள் பார்த்து வைத்திருப்பீர்கள். எந்த டம்ளரை எந்தத் தட்டில் கவிழ்க்க வேண்டும் என்று சொல்வீர்கள். குடை எடுத்துக்கொள் என்பீர்கள், மழையும் வரும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். சரியாகச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? இருபது வருஷம் பின்னால் இருந்து யாரோ ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்து துடுப்பு மட்டும் போட்டேன். இங்கே வந்து முதல் நாள் மேசையை நட்டநடுவில் போட்டபோது, அசட்டுத்தனம் என்று தெரிந்தே, அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதற்காக இங்கே பட்டாபிஷேகம் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த அறையில் ஒரே ஒரு கரண்டி சத்தம் கேட்கிறது, அது என்னுடையது. டாக்டருக்குச் சரி என்று சொல்ல ஒரு நாள் வாய் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. என்னால் முடிவு செய்ய முடியவில்லை. உங்களிடம் விட்டால் அரை நொடியில் முடிவு செய்துவிடுவீர்கள், அதுவும் வேண்டாம்.

அதனால் ஆற்றிடம் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பாலத்தைத் தாண்டிக் கீழே போனால் ஆறு விரிந்து மணல் பரந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு அங்கே எப்படி இருக்கிறதோ. நீங்கள் போய்ப் பாருங்கள். நம் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு படகு போகும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால், படித்துறை வரை வருகிறேன். ராத்திரி வீட்டில் தங்கிப் பேசுவோம். டாக்டருக்கான பதிலை அங்கிருந்தே முடிவு செய்கிறேன். தண்ணீர் இல்லை என்றால் பாலத்தில் இறங்கி, பேருந்து ஏறி, திங்கட்கிழமை டாக்டரிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்களும் கேட்கக் கூடாது, நானும் குழம்ப மாட்டேன்.

நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதை நம்புவேன். வேறு யாரையும் விசாரிக்க மாட்டேன். எதையும் சரிசெய்யாமல், தெரிவதை அப்படியே சொன்னால் போதும்.

பின்னால் உட்காரச் சொன்னதற்கு நன்றி. ஆனால் உங்கள் உடம்பை முன்னால் வைத்தால் படகு மூக்கால் மணலை உழும். நான் முன்னாலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
கண்ணாடிக்காரி


நவம்பர் 3, ஞாயிறு

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நேற்று போய்ப் பார்த்தேன். கரையில் நின்று பார்த்துச் சொல்வது எனக்குச் சரிப்படாது என்று உனக்குத் தெரியும். ஒரு லிஃப்டில் ஆட்களை ஏற்றுவதற்கு முன், அத்தனை எடைக்கும் இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். ஆள் ஏறுவது அதற்குப் பிறகுதான். அந்தப் பழக்கத்தில் உன் எடைக்கு ஒரு மூட்டை மணல் கட்டினேன்.

உன் எடை என்ன என்று போனில் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ என்று வைத்துக்கொண்டேன். ஸ்பானர், "அண்ணி அவ்வளவு இருக்க மாட்டாங்கண்ணே" என்றான். அவன் உன் கட்சி. மூட்டையை முன் இருக்கையில் உட்கார வைத்து, சாயாமல் கயிற்றால் கட்டினேன். பாலத்தடியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் இருந்து இடது வலது சொல்லாமல் ஓட்டிப் பழக வேண்டும் என்பதற்காக மூட்டையிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தரம் வாய் தவறி "வலது" என்றேன். மன்னித்துக்கொள்.

நல்ல செய்தி முதலில். பம்ப் ஹவுஸிலிருந்து பாலம் வரை தண்ணீர் பிரமாதம். இரண்டு மூன்று இடத்தில் அடி உரசியது, அவ்வளவுதான். ஒற்றை மரத் திட்டு இன்னும் பெரிதாகியிருக்கிறது. நிழல் இருக்கிறது. உனக்குப் பிடிக்கும்.

பாலத்துக்குக் கீழே நீ சொன்னது சரி. ஆறு அகலமாக விரிந்துவிட்டது. போன வருஷம் கறுத்த தண்ணீர் ஓடிய இடத்தில் இப்போது மணல். பத்து தள்ளு தள்ளினால் தரை தட்டுகிறது. இறங்கி இழுத்து, ஏறி, மறுபடி தட்டி, மறுபடி இறங்கி. மூட்டையை மேலும் பின்னுக்கு நகர்த்திப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். நான் இறங்கி மூட்டையை மட்டும் வைத்து இழுத்தாலும் அடி தட்டுகிறது. கடைசியில் மூட்டையை அவிழ்த்து மணலை ஆற்றிலேயே கொட்டினேன். கொட்டும்போது மனசு என்னவோ போல ஆகிவிட்டது. மணல்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

மூட்டை இல்லாமல் நான் மட்டும் ஏறினாலும் தட்டியது. அதற்கப்புறம் படித்துறை வரை நான் படகில் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்தேன். ஆள் இல்லாத படகு நாய்க்குட்டி மாதிரி எங்கும் நிற்காமல் கூடவே வந்தது. வீடு போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது.

ஸ்பானரிடம் சொன்னேன். "தண்ணி இருக்குன்னு எழுதிடுங்கண்ணே. அண்ணி வந்து எறங்கட்டும். மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டதுதான், அதுக்குள்ள பஸ்சும் போயிருக்கும்" என்றான். பொய் சொல்லக் கூடாது என்று அவனிடம் பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அவன் சொன்னபடியே ஒரு கடிதம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நீ நம்பியிருப்பாய். உறையில் போட்டு ஒட்டக்கூடச் செய்தேன். ஒட்டின பிறகு, தெரிவதை அப்படியே சொன்னால் போதும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. கிழித்துவிட்டேன்.

ஆகவே தெரிவது இது. நம் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு பாலத்துக்குக் கீழே படகு போகாது. எப்படியாவது போக வைக்க முடியுமா என்று நாள் முழுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பாலத்திலேயே கரையேறுவோம். இன்று காலையில் முள்ளை வெட்டி, ஏற வசதியாக மண்ணைக் கொத்திப் படி மாதிரி செய்துவிட்டேன். ஸ்பானர் மாமனாரிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொண்டான். சாயங்காலப் பேருந்து சனிக்கிழமையும் உண்டு. நேரில் போய்க் கேட்டேன். ஜன்னலோர இடம் கிடைக்கும் என்றார் கண்டக்டர்.

எனக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை. ஆனால் நீ ஆற்றிடம் கேட்டாய், ஆறு சொல்லிவிட்டது. டாக்டரிடம் சரி என்று சொல்லிவிடு. மேசை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை மட்டும் வந்துவிடு. அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும். முட்டையை அதிகம் வேக விடாமல் அவிக்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


நவம்பர் 6, புதன்

அன்புள்ள என்னங்கவுக்கு,

இது வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, சனிக்கிழமை நேரில் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் அறுபத்து மூன்று கிலோ. இந்த ஊர் வந்து ஏறியிருக்கிறேன். ஐந்து கிலோ குறைத்துப் போட்டு எனக்கு உபசாரம் செய்திருக்கிறீர்கள். உங்கள் தொழிலில் இப்படிச் செய்யலாமா? ஆறு மட்டும் அந்த ஐந்து கிலோவுக்கு ஏமாறவில்லை.

மூட்டையை முன் இருக்கையில் கட்டி வைத்து, அதனிடம் வாய் தவறி "வலது" என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, "என்னாச்சும்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்காரர் என்னை ஆத்துல கொட்டிட்டாராம்" என்றேன். அவர் பயந்துபோய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் மீதியைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் முடியவில்லை என்று எழுதி நான் படித்ததே இல்லை. லிஃப்ட், குழாய், என் தம்பியின் கல்யாணம், எதையும் நீங்கள் அப்படி விட்டதில்லை. போதாக்குறைக்கு எனக்காகப் பேருந்து நேரமும் விசாரித்து, நான் ஏறிப் போக மண்ணைக் கொத்திப் படியும் செய்து வைத்திருக்கிறீர்கள். நான் போவதற்கு. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனதுகூடத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் நாள் முழுக்க அந்த மணலில் இறங்கி ஏறிப் பார்த்தீர்கள். மூட்டையை முன்னால் வைத்தீர்கள், பின்னால் வைத்தீர்கள், சாய்ந்து உட்கார்ந்தீர்கள். மூட்டைக்குக் கால் இருந்தால் என்ன செய்யும் என்று மட்டும் யோசிக்கவில்லை. எனக்குக் கால் இருக்கிறது. ஆள் இல்லாத படகு எங்கும் நிற்காமல் கூடவே வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாலத்தடியில் நாம் இரண்டு பேரும் இறங்கிவிடுவோம். கயிற்றை ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். முன்னால் யாரும் வேண்டாம், பின்னால் யாரும் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். இடது என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். சொல்லாமல் வந்தால் ஸ்பானர் மாதிரி நானும் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் போட்ட நிபந்தனை இதுவல்ல, தெரியும். தண்ணீர் இல்லை என்றால் பாலம் என்றுதான் எழுதினேன். இரண்டு பேரையும் சுமக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை, அது சரி. நடக்கிற அளவுக்கு இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான், சொல்கிறேன்.

ஸ்பானரை மாமனார் வீட்டுக்கே போகச் சொல்லுங்கள். பாவம். நீங்கள் செய்த மண் படியை மீன் பிடிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும்.

டாக்டரிடம் இன்று காலையே பேசிவிட்டேன், பதினொன்றாம் தேதி வரை காத்திருக்கவில்லை. "வேற ஆள் பாத்துக்கங்க டாக்டர்" என்றேன். புது ஆள் வரும் வரை, இந்த மாதக் கடைசி வரை இருந்து கொடுக்கச் சொன்னார். இருந்துவிட்டு வருகிறேன். மேசையையும் எடுத்து வருகிறேன். அதை எங்கே போடுவது என்று நான் சொல்வேன். சரியில்லாத இடமாகத்தான் இருக்கும். கால் முட்டியில் இடித்துக்கொள்வீர்கள். இடித்துக்கொள்ளுங்கள்.

மணலில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் எனக்கு நடக்க வராது. பின்கதவுக்குப் பின்னால் என் செருப்பு இருக்கிறது அல்லவா, அதைச் சனிக்கிழமை காலை மறக்காமல் எடுத்து வாருங்கள். சாயங்காலம் நானே அதை அந்த இடத்தில் விட்டுக்கொள்கிறேன்.

திரும்பிப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உங்கள்,
அறுபத்து மூன்று கிலோ